மிளகு ரொட்டி வந்த ஊர்

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போனால் நமக்கு ஆயிரம் வேலை இருக்கும். பூ வாங்க வேண்டும், சேலை பார்க்க வேண்டும், வாழையிலைச் சாப்பாட்டை ஒரு கை பார்க்க வேண்டும். அந்த அவசரத்தில், 1924-ல் கட்டப்பட்ட சீயோன் லுத்தரன் ஆலயத்தை எத்தனை பேர் நின்று பார்த்திருப்போம்? நான் சைவக் குடும்பத்துப் பிள்ளை. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை என்பதால் அந்த வட்டாரத்திலேயே வளர்ந்தவன். பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்ததுண்டு. லுத்தரன் என்றால் யார், தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து கப்பலேறி வந்த நம் சனங்களுக்கும் அவருக்கும் என்ன உறவு என்று எனக்குச் சொல்வார் இல்லை.

உறவு இருக்கிறது, வாசகர்களே! அது ஒரு ரொட்டிப் பெட்டி மூலமாக என் வீட்டுக்கு வந்து சேர்ந்ததுதான் வேடிக்கை.

என் அக்காள் மகன் ஜெர்மனியில், டிரெஸ்டன் நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறான். சென்ற தீபாவளிக்கு வந்தபோது ஒரு தகரப் பெட்டியை நீட்டினான். உள்ளே பழுப்பு நிறத்தில் கனமான ரொட்டித் துண்டுகள். "மாமா, இது புல்ஸ்னிட்ஸ் என்ற ஊர் ரொட்டி. மிளகு ரொட்டி என்று பெயர். இதைச் சுட அந்த ஊர்க்காரர்களுக்கு 1558-லேயே உரிமை கொடுத்திருக்கிறார்கள்" என்றான். என் தாயார் ஒரு துண்டை மென்று பார்த்தார். "மிளகு எங்கேடா? கிராம்பும் பட்டையும்தானே இருக்கு!" என்றார். வயது எண்பத்தாறு. நாக்கின் கூர்மை இன்னும் குறையவில்லை.

அம்மா சொன்னது சரி. அந்தக் காலத்து ஜெர்மானியருக்குக் கீழ்த்திசையிலிருந்து வந்த வாசனைச் சரக்கு எல்லாமே மிளகுதான். நம் கடலோரத்துச் சரக்கு எங்கோ ஒரு குளிர் நாட்டுச் சிற்றூரின் அடுப்பில் போய் மணந்திருக்கிறது பாருங்கள்! அதே ஊரில் நீலச் சாயமிட்டு அச்சுக் குத்திய துணியும் பேர் போனது. அவுரிச் சாயம் நம்மவர்களுக்குத் தெரியாததா?

புல்ஸ்னிட்ஸ் இருக்கும் வட்டாரத்துக்கு லவுசிட்ஸ் என்று பெயர். ஜெர்மனியின் கிழக்கு ஓரம்; அதைத் தாண்டினால் போலந்து. தெற்குப் பாதி சாக்சனி மாநிலத்திலும் வடக்குப் பாதி பிராண்டன்பர்க் மாநிலத்திலும் கிடக்கிறது. தெற்கே குன்றுகள், வடக்கே சமவெளி. அந்தச் சமவெளியில் பெர்லினை நோக்கிப் போகும் ஸ்பிரே ஆறு நூற்றுக்கணக்கான வாய்க்கால்களாகப் பிரிந்து காட்டுக்குள் ஓடுகிறது. லவுசிட்ஸ் என்ற சொல்லுக்குச் சதுப்பு நிலம் என்று பொருளாம். சேற்றுக் கழிமுகம் என்று பொருள்படும் கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு நாம் அதைப் பார்த்துச் சிரிக்க முடியாது!

அந்தப் பெயரும் ஜெர்மன் சொல் அல்ல. சோர்பியர் என்ற சிறு இனத்தாரின் சொல். ஜெர்மானியர் கிழக்கே பரவுவதற்கு முன்பே அங்கே குடியேறியவர்கள் இவர்கள். பேச்சு போலந்து, செக் மொழிகளுக்கு உறவு. இன்று ஏறக்குறைய 60,000 பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள். சுற்றிலும் கோடிக்கணக்கான ஜெர்மானியர்! அப்படியிருந்தும் பவுட்சன் நகரில் தெருப் பெயர்கள் இரண்டு மொழியிலும் எழுதியிருக்கின்றன. ஜனவரி 25-ல் பறவைக் கல்யாணம் என்று ஒரு பண்டிகை. முதல் நாள் இரவு பிள்ளைகள் சன்னலோரம் தட்டு வைத்தால், பறவைகள் தங்கள் கல்யாணப் பலகாரத்தை அதில் விட்டுப் போகுமாம். பலகாரம் வைப்பது யார் என்று பெற்றவர்களைக் கேட்டால் தெரியும்.

சும்மா கிடைத்துவிடவில்லை இதெல்லாம். 1912-ல் தொமோவினா என்ற சங்கம் வைத்து மொழியைக் காத்தார்கள். ஹிட்லர் ஆட்சி 1937-ல் அதன் வாயை அடைத்தது. சோர்பிய ஆசிரியர்களையும் பாதிரியார்களையும் வேறு பகுதிகளுக்குத் தூக்கியடித்தது. போர் முடிந்த 1945-ல் சங்கம் மறுபடி எழுந்தது. தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகளைச் சேர்க்க வீடு வீடாக ஏறி இறங்கியவர்களுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நிற்க, லுத்தரன் கதைக்கு வருவோம். அந்த மிளகு ரொட்டி ஊரில் 1682-ல் பிறந்தவர் பார்த்தலோமேயு சீகன்பால்க். சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்தவர். அதே லவுசிட்ஸில் காமென்ஸ், கோர்லிட்ஸ் என்ற ஊர்களில் பள்ளிப் படிப்பு; பிறகு உப்பு விளையும் ஹாலே நகரத்துப் பல்கலைக்கழகம். டென்மார்க் அரசர் தம் கைவசமிருந்த தரங்கம்பாடிக்கு ஆள் தேடியபோது, இவரும் புளூட்சோ என்பவரும் கிளம்பினார்கள். 1706 ஜூலை 9-ல் கரையிறங்கியபோது ஒரு தமிழ்ச் சொல் தெரியாது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதி 'அ, ஆ' படித்தார் மனிதர். ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-ல் வந்து சேர்ந்தன. புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறியது. தமிழில் முதன்முதல் அச்சடித்தவரே அவர்தான் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது தவறு. 1578-லேயே கொல்லத்தில் தமிழ் எழுத்தில் புத்தகம் வந்துவிட்டது.

அவர் செய்தவற்றில் என் மனத்தைப் பிடித்தது வேறு. அவரும் கூட்டாளிகளும் சுற்று வட்டாரத்துத் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினார்கள். உங்கள் படிப்பு எப்படி, கல்யாணம் எப்படி, வைத்தியம் எப்படி, சாமியைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? தமிழர்களும் பதில் எழுதினார்கள். அப்படி 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு 1714-லும் 1717-லும் ஹாலேயில் அச்சாயின. பதில்களில் பணிவு மட்டும் இருந்ததாக எண்ண வேண்டாம். உங்கள் ஆட்கள் குடிக்கிறார்கள், மாட்டைத் தின்கிறார்கள், சுத்தம் பார்ப்பதில்லை என்று முகத்துக்கு நேரே எழுதியவர்களும் உண்டு. முந்நூறு வருடங்களுக்கு முந்தைய நம் பாட்டன்மாரின் வாய்ப்பேச்சு! ராஜாக்களின் கல்வெட்டில் இது கிடைக்குமா?

நம் தெய்வங்களைப் பற்றியும் சீகன்பால்க் 1713-ல் ஒரு பெரிய நூல் எழுதி முடித்தார். ஹாலேயில் இருந்த பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அந்த நம்பிக்கைகளை ஒழிக்க அனுப்பினால், அவற்றை இங்கே பரப்பப் பார்க்கிறாரே என்று ஓரத்தில் போட்டுவிட்டார்கள். ஆனால் ஒன்று, கிழித்து எறியவில்லை. 1867-ல் சென்னையில் அது அச்சேறியது. தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றைக்கும் ஹாலேயில் இருக்கின்றன. அவற்றை வைத்திருக்கும் பழைய அநாதை இல்லக் கட்டடங்கள் கிழக்கு ஜெர்மனி காலத்தில் இடிந்து விழும் நிலைக்கு வந்து, 1990-ல் நாடு ஒன்றான பிறகு செப்பனிடப்பட்டன.

பிற்காலத்தில் தரங்கம்பாடி வேலையை, 1836-ல் டிரெஸ்டனில் தோன்றி 1848-ல் லைப்சிக் நகருக்கு இடம் மாறிய ஒரு மிஷன் ஏற்று நடத்தியது. அதன் தலைவர் கார்ல் கிரவுல் திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்து 1856-ல் வெளியிட்டவர். அந்த வழியில் உருவான சபை 1919-ல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாயிற்று. அந்தச் சபைத் தமிழர்கள் மலாயாவுக்கு வந்து எழுப்பியதே பிரிக்பீல்ட்ஸ் ஆலயம். நான் எழுத்துக் கூட்டிப் படித்த பெயரின் கதை இதுதான்.

இத்தோடு முடித்திருப்பேன். அக்காள் மகன் இன்னொரு சங்கதி சொன்னான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

லவுசிட்ஸ் மண்ணுக்கு அடியில் பழுப்பு நிலக்கரி, நம் நெய்வேலியில் போல. அதை எடுக்க ஊர்களையே பெயர்த்துத் தள்ளினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்கள் முழுதாகவோ பாதியாகவோ போயின. சோர்பியர் ஊர்களும் அதில் பல. ஹோர்னோ என்ற கிராமத்தார் விடவில்லை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை வழக்கு போயிற்று, 2000-ல் தோற்றார்கள். சனங்கள் போர்ஸ்ட் நகரத்து ஓரத்தில் கட்டிக்கொடுத்த புது ஊருக்குப் போனார்கள். அங்கே 2006-ல் என்ன திறந்தார்கள் தெரியுமா? மறைந்துபோன ஊர்களுக்கென்று ஓர் ஆவணக் காப்பகம்! தங்கள் ஊருக்கு மட்டுமல்ல, நிலக்கரிக்குப் பலியான எல்லா ஊர்களுக்கும்.

வாசகர்களே, பிராங் பெசார் தோட்டத்தின் மேல் 1995 தொடங்கிப் புத்ராஜெயா எழுந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடமைப்பாக, நெடுஞ்சாலையாக, கோல்ப் திடலாக மாறிப்போன மற்றத் தோட்டங்களை நீங்களே விரல் விட்டு எண்ணிக்கொள்ளுங்கள், விரல் போதாது. வெள்ளைக்காரத் துரை வைத்த பெயராவது நிலப் பதிவில் இருக்கும். நம் ஆட்கள் வைத்துக்கொண்ட தமிழ்ப் பெயர் எங்கே இருக்கிறது? கிழவர் கிழவிகளின் வாயில் இருக்கிறது. ஒவ்வொரு கருமாதிக்கும் கொஞ்சம் குறைகிறது.

என் தாயார் பிறந்தது கிள்ளானுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டம். இன்றைக்கு அங்கே கிடங்குகளும் லாரி நிறுத்துமிடமும். தீபாவளி கழிந்த வாரம் ஒரு பெரிய தாளை மேசையில் விரித்து, "அம்மா, தோட்டத்தைச் சொல்லு, வரைகிறேன்" என்றேன். "எதுக்குடா வெட்டி வேலை?" என்றவர், பிறகு பென்சிலைத் தாமே வாங்கிக்கொண்டார். பிரட்டுக் களம், பால் ஸ்டோர், ஆயாக்கொட்டகை, மாரியம்மன் கோயில், கிராணி வீடு, கள்ளுக்கடை. அப்புறம் லயம் லயமாக, வாசல் வாசலாக, யார் வீடு, எந்த ஊரிலிருந்து வந்தவர்கள், யார் பெண்ணை யாருக்குக் கொடுத்தது என்று மூன்று இரவு சொன்னார். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர்கள் வீட்டுக்கு மட்டும் ஒரு புள்ளி வைத்தார். பன்னிரண்டு புள்ளி.

மூன்றாம் லயத்தில் ஏழாம் வாசல் மட்டும் காலியாக நிற்கிறது. அந்த வீட்டில் ஒரு கறுப்பு நாய் இருந்ததாம்; அதன் பெயர் மணி. ஆட்கள் பெயர் வரமாட்டேன் என்கிறது. அதே தோட்டத்தில் பிறந்த அம்மாள் ஒருவர் கிள்ளானில் மேரு சாலைப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார் என்று கேள்வி. கண் தெரியாதாம், காது நன்றாகக் கேட்குமாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் தாளையும் எடுத்துக்கொண்டு போகிறோம். பெட்டியில் மிளகு ரொட்டி இன்னும் நாலு துண்டு இருக்கிறது. அதுவும் வருகிறது.