கொல்லிமலை அருவியும் பிச்சாவரத்துப் படகும்

கொல்லிமலையில் ஆகாய கங்கையைப் பார்க்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஏறி, வீட்டுக்கு வந்து முழங்காலுக்குத் தைலம் தடவிய சகோதரிகள் நிறையப் பேர் இருப்பீர்கள். அந்த அருவியின் ஐயாறு காவிரியோடு கலக்கிறது. காவிரி முக்கொம்பில் பிரிந்து, ஒரு பங்கு கொள்ளிடமாகிக் கடலுக்குப் போகிறது. கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் நடுவே, சிதம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது பிச்சாவரம். ஆரம்பத்தைப் பார்த்தாச்சு, முடிவையும் பார்த்துடலாமே என்று கிளம்பினோம்.

விசைப்படகு வேண்டாம், துடுப்புப் படகே எடுங்கள். குறுகலான கால்வாய்களில் அதுதான் நுழையும். உள்ளே கிளைகள் பந்தல் போட்டிருக்கின்றன; தலையைக் குனிஞ்சுதான் போகணும். சுரபுன்னை மரங்கள் கம்பு ஊன்றின மாதிரி வேர்களைச் சேற்றில் ஊன்றி நிற்கின்றன. வெண்கண்டலைச் சுற்றிப் பென்சில் பென்சிலாக வேர்கள். சேற்றுக்குள் காற்று கிடையாதே, மேலே வந்து மூச்சு விடுகின்றன!

சுரபுன்னையின் விதை தாய் மரத்தில் தொங்கும்போதே முளைத்து, முருங்கைப் பிஞ்சாட்டம் நீண்ட பிறகுதான் கீழே விழுகிறது. உப்புச் சேற்றில் வெறும் விதை பிழைப்பது கஷ்டம். பெற்றவளுக்குத் தெரியாதா?

2004 டிசம்பர் 26 சுனாமியில், இந்தக் காட்டின் மறைவில் இருந்த கிராமங்களில் சேதம் குறைவாம். வெட்டி அழிந்த இடங்களில் 1990-களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் கால்வாய் தோண்டி, கடல்நீர் பாயவிட்டு மீண்டும் மரம் வளர்த்த பகுதியும் உண்டு.

வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். சுற்றிலும் தண்ணீர்தான், ஆனால் உப்பு. குடிநீர் கையோடு இருக்கட்டும். குழந்தைக்குத் தொப்பி போடுங்கள். மிதவைச் சட்டையை, அழுதாலும் கழற்றவே கூடாது.