காலைப் பூட்டும் சப்பாத்து

நடப்பதற்கு உதவுவது சப்பாத்து என்பதே நம்மவர் எண்ணம். நடக்க உதவாத சப்பாத்தொன்றைப் பெரும் பணம் கொடுத்து வாங்குவோர் உளர் என்று நாம் வகுப்பிற் கூறினால் மாணாக்கர் நகைக்கின்றனர். ‘ஸ்கீ’ எனப்படும் பலகைகளைக் காலிற் பூட்டி மலைச்சரிவிற் பனிமீது சறுக்குவோர் அணியும் சப்பாத்து அத்தகையது.

அதன் இறுக்கத்திற்குக் காரணம் உண்டு. சறுக்குபவர் காலைச் சற்றே பக்கவாட்டிற் சாய்த்தால், பலகையின் உருக்கு விளிம்பு பனியைக் கீறித் திசையை மாற்றும். கணுக்கால் நெகிழுமாயின் அச்சாய்வு பலகையைச் சென்றடையாது. முன்னாளில் வழங்கிய தோற் சப்பாத்து, நனைந்தால் தளர்ந்துவிடும்; கயிற்றை எத்துணை இறுக்கினும் பயனில்லை. 1960களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தவரான பொப் லாங்கே பிளாஸ்ரிக் சப்பாத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தார். சில ஆண்டுகளுள் தோல் மலைச்சரிவை விட்டகன்றது. வெளியே வன்மையான ஓடு, உள்ளே மெத்தென்ற உறை, கயிற்றுக்குப் பதிலாகக் கொளுக்கிகள்: இன்றும் பெரும்பாலும் அமைப்பு இதுவே.

சுவிற்சர்லாந்தில் வாழும் எமது பழைய மாணாக்கர் ஒருவரின் இல்லத்தில் அதனை நாமும் அணிந்து பார்த்தோம். கணுக்கால் அசையவில்லை, முழங்கால் தானாகவே முன்னோக்கி மடிந்தது. வாத்தைப்போல் நாம் நடந்த நடையை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

எலும்புகளின் கதைதான் சிந்திக்கத்தக்கது. தோற் சப்பாத்துக் காலத்தில் விழுந்தோர்க்குக் கணுக்கால் முறிவதே பெருந்தொல்லை. உயரமான வன்மையான ஓடு வந்தபின் அது குறைந்தது. விழும்போது சப்பாத்தைத் தானே விடுவிக்கும் பூட்டு, கீழ்க்கால் எலும்பையும் பெரிதுங் காத்தது. அத்தகைய பூட்டொன்றை 1937இல் கால் முறிந்து கிடந்தபோது சிந்தித்தவர், நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய யால்மார் வாம். ஆயினும் விழுகையின் விசை மறைந்து போய்விடுமா? நீண்ட பலகை நெம்புகோலாகின்றது. கணுக்கால் இறுகியிருப்பதால் முறுக்கம் முழங்காலை அடைகின்றது. அம்மூட்டினுள்ளே குறுக்காக அமைந்த நார் அறுபடுவது பிற்காலத்திற் பெருகிற்று. பூட்டோ கீழ்க்கால் எலும்பைக் காக்கவென அமைந்தது. முழங்காலின் நோவை அது அறியாது.

குளிர்நாடுகளிலுள்ள எம் உறவினர்க்கு ஒரு சொல். பிள்ளை வளருமே என்று ஓரளவு பெரிய சப்பாத்து வாங்குவது எமது வழக்கம். பள்ளிச் சப்பாத்துக்கு அது பொருந்தும். இங்கோ குதி மேலெழும். பலகை பிள்ளையின் சொற்கேளாது. பூட்டின் இறுக்கமும் எடை, உயரம், வயது, திறமை, சப்பாத்தடியின் நீளம் ஆகியவற்றைக் கொண்டு கணிக்கப்படுவது. பிள்ளை வளர வளர அதனை மாற்றுவித்தல் வேண்டும். அந்நாட்டுக் கடைகளிற் பருவத்துக்கு வாடகைக்கும் தருகின்றனர்.