ரெஸ்யூமே யாருக்காக எழுதுகிறீர்கள்? - ஒரு த்ரெட்

1/
அரசு மருத்துவமனையில் ஒப்பந்தப் பணியில் இருக்கும் நர்ஸ் தங்கைகளும் லேப் டெக்னீசியன் தம்பிகளும் "டாக்டர், இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க"ன்னு ரெஸ்யூமே கொண்டு வருவாங்க.
பெரும்பாலும் ஒரே அச்சு. பிரவுசிங் சென்டரில் இருக்கும் பழைய ஃபைலில் பெயரை மட்டும் மாற்றியது.

2/
அப்பா பெயர், மதம், "பாட்டு கேட்பது" எல்லாம் இருக்கும். ஆனால் மூன்று வருடம் பிரசவ வார்டில் ராத்திரி பகலா நின்றது?
"ஸ்டாஃப் நர்ஸ் - 3 வருடம்."
ஒரே வரி. முடிஞ்சது.

3/
தாலுகா ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கர்ப்பிணியை மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பும்போது சீட்டில் என்ன எழுதுவோம்?
எத்தனையாவது பிரசவம், எத்தனை வாரம், பிபி எவ்வளவு, மெக்னீசியம் சல்பேட் எத்தனை மணிக்குப் போட்டோம், எதற்காக அனுப்புகிறோம்.
அங்கே வாங்குகிற டாக்டருக்கு உடனே தேவைப்படுவது அதுதான்.
ரெஸ்யூமேவும் அப்படித்தான். படிப்பவர் மாறினால் எழுதுவதும் மாறணும்.

4/
தனியார் மருத்துவமனையா?
படிக்கப் போவது நர்சிங் சூப்பரின்டென்டென்ட். அவர் மனசில் ஒரே கேள்வி: "இந்தப் பொண்ணை நாளைக்கே டூட்டியில் போடலாமா?"
எந்த வார்டு, எத்தனை படுக்கை, மாதம் எத்தனை பிரசவம், நீங்களே தனியாகச் செய்வது எவையெவை (பார்டோகிராஃப், ஐவி லைன், கதீட்டர், அழாத குழந்தைக்கு பேக் அண்ட் மாஸ்க்), கவுன்சில் பதிவு எண். இவை முதல் பக்கத்தில் வரணும்.
எண்ணிக்கை ரெஜிஸ்டரில் இருப்பதுதான். கூட்டி எழுதினால் இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

5/
வளைகுடா நாடுகளா?
அங்கே ரெஸ்யூமேவோடு முடியாது. டேட்டாஃப்ளோ மாதிரி நிறுவனம் உங்கள் கல்லூரி, கவுன்சில், பழைய ஆஸ்பத்திரி எல்லாவற்றிடமும் நேரடியாகக் கேட்டுச் சரிபார்க்கும்.
பாஸ்போர்ட்டில் உள்ள பெயர், இனிஷியல், வேலையில் சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் சான்றிதழோடு அப்படியே ஒத்துப்போகணும். இடைவெளி இருந்தால் காரணத்தை ஒரு வரியில் எழுதிடுங்க.

6/
இங்கிலாந்து என்எச்எஸ்ஸா?
வேலை விளம்பரத்தோடு "பெர்சன் ஸ்பெசிஃபிகேஷன்" என்று ஒரு பட்டியல் வரும். கட்டாயம் வேண்டியவை, இருந்தால் நல்லவை என்று இரண்டு பகுதி. அதை வைத்துத்தான் ஆட்களை வடிகட்டுவார்கள்.
ஒவ்வொன்றுக்கும் உங்கள் வேலையிலிருந்து ஒரு உதாரணம் எழுதுங்கள். போட்டோ, மதம், திருமணம், பிறந்த தேதி எதுவும் சிவியில் வேண்டாம்.

7/
மாவட்ட நலவாழ்வு சங்கத்தின் ஒப்பந்தப் பணியா?
அழகான ரெஸ்யூமேவுக்கு அங்கே வேலையே இல்லை. அவர்கள் கொடுத்த படிவம், கேட்ட சான்றிதழ் நகல்கள், கடைசித் தேதி. கிளார்க் சரிபார்ப்பது இவற்றைத்தான். ஒரு நகல் விட்டுப்போனாலும் மொத்த விண்ணப்பமும் போயிடலாம்.

8/
இதையெல்லாம் சொன்னால் பலரும் கேட்பது: "தினமும் செய்யறதுதானே டாக்டர், இதெல்லாம் போய் எழுதணுமா?"
எழுதணும்.
பெருமை அடிச்சுக்கிற மாதிரி இருக்குன்னு கூச்சப்படுறாங்க. நடுராத்திரியில் ரத்தப்போக்கு வந்த தாய்க்கு டாக்டர் ஓடி வருவதற்குள் ஆக்ஸிடோசின் போட்டு, லைன் போட்டு, ரத்தத்துக்கு ஆள் அனுப்பி வைப்பவர் நீங்கள். உங்களுக்கு அது வழக்கமான டூட்டி. உங்களைப் பார்த்தே இராத ஒருவருக்கு அதுதான் உங்கள் தகுதி.
நீங்கள் எழுதாவிட்டால் அது அவருக்குத் தெரிய வேறு வழியே இல்லை.

9/
அனுப்பும் முன் மூன்று விஷயம்:
* இரண்டு பக்கத்துக்குள் இருக்கட்டும்.
* போன் நம்பரில் நீங்கள் எடுக்கிற நம்பர்தானா என்று பாருங்கள். பழைய சிம் நம்பரோடு சுற்றும் ரெஸ்யூமே நிறைய!
* போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். ஃபைலுக்கு உங்கள் பெயரை வையுங்கள்.

ஒப்பந்தம் முடியப்போகிற யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் இதை அனுப்பி வையுங்கள்.