பிராந்தி அலெக்ஸாண்டர்: கொஞ்சம் கிரீம், கொஞ்சம் மாமனார்

டிஸ்கி முதல்லயே போட்டுடறேன். யாரையும் குடிக்கச் சொல்லி எழுதினது இல்ல இது. குடிக்காதவங்க குடிக்காமலே படிக்கலாம். 21 வயசு ஆகாத தம்பி தங்கச்சிகள் அப்படியே அப்பீட் ஆயிக்கோங்க.

காக்டெய்ல்னா நம்ம ஊர்ல ரெண்டு வகைதான் தெரியும். ஒண்ணு, குட்டிக் குடை சொருகி வர்ற கலர் தண்ணி. இன்னொண்ணு, பீர்ல குவார்ட்டரைக் கவுத்துட்டு அதுக்குப் பேரு வைக்கறது. இது ரெண்டுலயும் சேராத மூணாவது கோஷ்டி ஒண்ணு இருக்கு. சாப்பாடு முடிஞ்சு பாயசம் வர்ற நேரத்துல வர்ற கிரீம் காக்டெய்ல்கள். அதுல எனக்குப் பிடிச்சது பிராந்தி அலெக்ஸாண்டர்.

ஃபார்முலா ரொம்ப சிம்பிள் மக்கா. பிராந்தி 30 மில்லி, கிரீம் டி கக்காவ் 30 மில்லி, ஃப்ரெஷ் கிரீம் 30 மில்லி. ஐஸ் போட்டு குலுக்கி, வடிகட்டி, மேல ஜாதிக்காய் துருவல். அவ்ளோதான். (கிரீம் டி கக்காவ்ல பேர்ல மட்டும்தான் கிரீம். உள்ள பால் ஒரு சொட்டு கிடையாது. அது சாக்லேட் வாசனை ஏத்தின இனிப்பு மது.) 1910கள்ல நியூயார்க் பார்டெண்டர் ஹ்யூகோ என்ஸ்லின் போட்ட புத்தகத்துல இருக்கற அலெக்ஸாண்டர்ல பிராந்தியே இல்ல, ஜின். பிராந்தி பின்னாடி வந்து அந்த எடத்தைப் பிடிச்சுக்கிச்சு.

இந்த சரக்கோட திறமையே, தான் சரக்குன்னு காட்டிக்காம இருக்கறதுதான். மிளகாய்க் காரத்தை நாக்குல பிடிக்கற அதே ஏற்பியைத்தான் ஆல்கஹாலும் சீண்டும். அதான் அந்த எரிச்சல். ஐஸ் அதை அடக்கிடும். பிராந்தி வாசனை கிரீமோட கொழுப்புல கரைஞ்சு மூக்குக்கு வராம உள்ளயே தங்கிடும். மிச்சத்தை சக்கரை பார்த்துக்கும். போதாக்குறைக்கு, கொழுப்பு வயித்துல போனா இரைப்பை மெதுவாத்தான் காலியாகும், போதையும் லேட்டாத்தான் ஏறும். முதல் கிளாஸ் வேலைய ஆரம்பிக்கறதுக்குள்ள ரெண்டாவது கிளாஸ் உள்ள போயிருக்கும்.

கணக்கும் பார்த்துடுவோம். நம்ம பாட்டில்ல 42.8 சதவீதம்னு போட்டிருப்பான். (அது என்னடா 42.8? பழைய பிரிட்டிஷ் ப்ரூஃப் கணக்குல 75 டிகிரி. வெள்ளைக்காரன் போயிட்டான், தசமப் புள்ளிய விட்டுட்டுப் போயிட்டான்.) 30 மில்லி பிராந்தில சுத்த ஆல்கஹால் 12.8 மில்லி. 24 சதவீத கக்காவ் 30 மில்லில இன்னொரு 7.2. மொத்தம் 20 மில்லி. 330 மில்லி சாதா பீர் டின்ல, 5 சதவீதம்னு வச்சாலும், 16.5 தான். ஐஸ்க்ரீம் கிண்ணம் சைஸ் கிளாஸ்ல ஒரு டின் பீருக்கு மேல இருக்கு!

1974 மார்ச்ல ஜான் லெனானும் ஹாரி நில்சனும் லாஸ் ஏஞ்சலீஸ் ட்ரூபடோர் கிளப்ல கலாட்டா பண்ணி வெளிய தள்ளப்பட்டது இதைக் குடிச்சுட்டுதான். 1962ல வந்த 'டேஸ் ஆஃப் ஒயின் அண்ட் ரோசஸ்' படம் பார்த்திருக்கீங்களா? லீ ரெமிக் குடிக்கவே குடிக்காத பொண்ணு, ஆனா சாக்லேட்னா உசுரு. ஜாக் லெம்மன் அவளுக்கு முதமுதலா வாங்கிக் குடுக்கறது ஒரு பிராந்தி அலெக்ஸாண்டர். படம் முடியறப்போ அவன் மீண்டுடறான், அவ மீளல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எங்க வீட்டுத் தங்கமணியும் குடிக்காத, சாக்லேட் பைத்தியம். போன மாசம் ஒரு சனிக்கிழமை திடீர்னு, "எனக்கு பிராந்தி எப்படி இருக்கும்னு ஒரு தடவ தெரியணும்"ன்னா.

எதுக்குன்னு நான் கேக்கல. கேக்கத் தேவையும் இல்ல. என் மாமனார் பிராந்தியாலயே போனவர். நான் அவரைப் போட்டோலதான் பார்த்திருக்கேன்.

சும்மா ராவா ஊத்திக் குடுத்தா ஒரு வாய்லயே துப்பிடுவா. சரி, அலெக்ஸாண்டர்னு முடிவு பண்ணினேன். ஆனா புத்தகத்துல இருக்கற மாதிரி பண்ணினா சாக்லேட் மில்க்‌ஷேக்தான் குடிச்சிருப்பா. அவ பார்க்கணும்னு சொன்ன ஆளையே கிரீமுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்ச மாதிரி ஆயிடும். அதனால ஃபார்முலாவைத் திருப்பிப் போட்டேன், பிராந்தி வெளிய தெரியற மாதிரி.

எந்த பிராந்தி வாங்கட்டும்னு கேட்டேன். யோசிக்கவே இல்ல. பேரு, லேபிள் கலர், மூடி கலர் எல்லாம் வரிசையா சொன்னா. பிரெஞ்சு காக்னாக் எல்லாம் எதுக்கு, போய் அதே குவார்ட்டரை வாங்கிட்டு வந்தேன். (நம்ம ஊர் பிராந்தி பலதுல திராட்சையை விட கரும்பாலை மொலாசஸ் ஸ்பிரிட்தான் ஜாஸ்தி. அது தனி சோகம்.)

கக்காவுக்கு பதிலா கொக்கோ பாகு. கருப்பட்டி 50 கிராம், சக்கரை 50 கிராம், தண்ணி 100 மில்லி, கொக்கோ பவுடர் 2 ஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. மூணு நிமிஷம் கொதிக்கவிட்டு, வடிகட்டி, நல்லா ஆறவைங்க. சூடா ஊத்தினா ஐஸ் கரைஞ்சு எல்லாம் தண்ணியாயிடும். அமுல் ஃப்ரெஷ் கிரீம் டெட்ரா பேக்ல 25 சதவீதம் கொழுப்பு, இதுக்கு அதுவே தாராளம். அடியில தண்ணி தங்கியிருக்கும், கலக்கிட்டு அளங்க. எலுமிச்சை மட்டும் கிட்டயே வரக்கூடாது. பிராந்திக்கு திரியாத கிரீம் புளிப்புக்குத் திரிஞ்சுடும்.

என் அளவு: பிராந்தி 30, பாகு 15, கிரீம் 20. பெக் மெஷர் இல்லாதவங்க இருமல் மருந்து மூடியை எடுங்க, அதுல மில்லிக் கோடு போட்டிருக்கும். வாய் அகலமான எவர்சில்வர் தண்ணி பாட்டில், ஏழெட்டு ஐஸ் கட்டி, 15 எண்ணற வரைக்கும் நல்லா குலுக்கணும். பாட்டில் வெளிய பனி பூத்தா சரியான பதம். டீ வடிகட்டியில வடிச்சு மேல ஜாதிக்காய். அந்த ஜாதிக்காய் மாமியார் ஊர்லேருந்து அனுப்பின உரைமருந்து டப்பாலேருந்து எடுத்தது. (எங்களுக்குக் குழந்தை இல்ல. டப்பா முன்னாடியே வந்துடுச்சு. ஹிஹி.)

குடுக்கும்போதே சொல்லிட்டேன். இதுல ஒரு ஸ்மால் முழுசா இருக்கு, தெரியலைன்னு நினைச்சுக்காத, அஞ்சு நிமிஷம் வச்சு மெதுவா குடி, ஜில்லு குறையக் குறையத்தான் அது வெளிய வரும்னு.

முதல் வாய்க்கு "சாக்லேட்"னா. ரெண்டாவதுக்கும் அதேதான். அப்புறம் கிளாஸைக் கைல வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பேசல. நானும் டிவிய பார்க்கற மாதிரி உக்காந்திருந்தேன்.

"அப்பா சட்டை"ன்னா.

கொஞ்ச நேரம் கழிச்சு அவளே சொன்னா. குடிச்சுட்டு வர்ற அன்னிக்கு மட்டும் அவர் மறக்காம ஒரு சாக்லேட் வாங்கிட்டு வருவாராம். வாசல்லயே நின்னு குடுப்பாராம். "எனக்கு இந்த ரெண்டு வாசனையும் சேர்ந்துதான் வரும். சாக்லேட் பிடிக்கும்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன், எங்கேருந்து பிடிச்சுதுன்னு இப்பதான் தோணுது."

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. "இன்னும் கொஞ்சம் ஜாதிக்காய் போடட்டுமா"ன்னு கேட்டேன். சிரிச்சுட்டா.

முக்கால் கிளாஸ் முடிச்சுட்டு, "இன்னொண்ணு பண்றியா?"ன்னா. அரை மணி கழிச்சு கேளுன்னேன். அரை மணில அவளே, "தலை லேசா இருக்கு, வேணாம்"னு தயிர்சாதம் சாப்பிடப் போயிட்டா. இது நம்மள மிரட்டற ஸ்பீடு அதுதான் மக்களே, நோட் பண்ணிக்கோங்க.

குவார்ட்டர்ல மீதி 150 மில்லி இருந்துச்சு. சிங்க்ல ஊத்திடுவான்னு நினைச்சேன். ஊத்தல. மூடியை டைட்டா திருகி, கிச்சன் ஷெல்ஃப்ல ஓமவாட்டர் பாட்டிலுக்குப் பக்கத்துல வச்சுட்டா. அந்தக் காலத்துல எல்லார் வீட்லயும் சளிக்குன்னு ஒரு பிராந்தி பாட்டில் இருக்குமே, அந்த மாதிரி. அவ வீட்ல மட்டும் அப்படி ஒண்ணு மிஞ்சினதே இல்லையாம்.

கிரீம் மீதி ஞாயித்துக்கிழமை பனீர் பட்டர் மசாலாவுல போச்சு. பாகு இன்னும் ஃப்ரிட்ஜ்ல இருக்கு. வனிலா ஐஸ்க்ரீம் மேல ஊத்தினா சும்மா அள்ளுது, அதுக்கு பிராந்தி தேவையே இல்ல :)