ஊறலுக்குக் கூலி இல்லை

கொடைக்கானலில் ஒரு பழைய கோடைகால பங்களாவைப் புதுப்பிக்கிறார்கள். அதன் சுவர்ப்பூச்சு இப்போது ஜெயமங்கலத்தில், வராக நதிக்குப் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றில் ஊறிக்கொண்டிருக்கிறது. வேலை முடிந்ததும் ஓவியர்களும் எழுத்தாளர்களும் அங்கே வந்து மாதக்கணக்கில் தங்கப்போகிறார்களாம். வரட்டும். அவர்களுக்கு முன்னால் சுண்ணாம்பு மலையேற வேண்டுமே, அதைப் பார்க்கத்தான் தோப்புக்குப் போனேன்.

"கிட்ட வராதீக தம்பி. கண்ணுல தெறிச்சா பார்வை போயிரும்." மேஸ்திரியின் முதல் பேச்சே இதுதான். விருதுநகர்ப் பக்கத்துச் சூளையில் சுட்ட கல்லைத் தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார்கள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கல் விரிசல் விட்டது, புகைந்தது, தொட்டி முழுக்கத் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்தது. அடியில் அடுப்பு கிடையாது. நீண்ட கம்பால் ஒருவர் கிண்டிக்கொண்டே இருந்தார். அவர் கையில் ரப்பர் உறை இருந்தது, காலில் வெறும் செருப்புதான்.

நீற்றிய சுண்ணாம்பைச் சல்லடையில் வடித்து அடுத்த தொட்டிக்கு மாற்றுகிறார்கள். அதற்கு மேல் எப்போதும் நாலு விரற்கடைத் தண்ணீர் நிற்க வேண்டும், காற்றுப்பட்டால் கெட்டுவிடும். அப்படியே வாரக்கணக்கில் கிடக்க வேண்டும். நாள் ஆக ஆகத்தான் நயம் கூடும். மாதங்களாக ஊறிய ஒரு தொட்டியில் மேஸ்திரி கரணையை விட்டு எடுத்துக் காட்டினார். கெட்டித் தயிர்போல வெட்டுப்பட்டது, கரணையில் ஒட்டவில்லை. விரலில் தேய்த்துப் பார்த்தேன், ஒரு நறநறப்பு இல்லை. "இதுல நறநறன்னு இருந்தா அது சுவத்துக்குப் போனப்பறம் நீறும். அங்கனயே பொரிஞ்சு குழி விழுந்துரும்" என்றார்.

தோப்பின் மறு ஓரத்தில் நீல டிரம்களில் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறின. மூடியைத் திறந்ததும் புளித்த வாடை மூக்கைத் துளைத்தது. சாந்தில் பச்சைத் தண்ணீருக்குப் பதில் இந்தத் தண்ணீரைத்தான் ஊற்றுகிறார்கள். சாந்து இழுத்த இழுப்புக்கு வரவும், சட்டென்று வறண்டு வெடிக்காமல் இருக்கவும் இது உதவுகிறது. மேற்பூச்சுக்கு மட்டும் முட்டையின் வெள்ளைக்கரு. பூசி, ஈரம் இழுக்கும் பக்குவம் பார்த்து, வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்துக்கொண்டே இருந்தால் செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களில் பார்க்கிற பளபளப்பு வரும். காரைக்குடிப் பக்கம் போய்ப் பழகி வந்த கை மேஸ்திரியுடையது.

சுண்ணாம்பின் சூட்சுமம் எளிது. சூளையில் சுடும்போது கல்லிலிருந்து கரியமில வாயு போய்விடுகிறது. சுவரில் ஏறியபின் அந்த வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல இழுத்து மறுபடி கல்லாகிறது. அதற்கு ஈரம் வேண்டும். அதனால்தான் பூசிய சுவருக்குச் சாக்குப் படுதா கட்டி நனைத்துக்கொண்டே இருப்பார்கள். சிமெண்டு சில மணி நேரத்தில் இறுகிவிடும். சுண்ணாம்புக்கு மாதங்கள் ஆகும்.

பங்களாவிலிருந்து கொண்டுவந்த ஒரு பூச்சுக் கட்டியை மேஸ்திரி எடுத்துக் கொடுத்தார். உள்ளங்கை அகலம் இருக்கும். ஒரு பக்கம் சாம்பல் நிறச் சிமெண்டு, கல்லாய்க் கிடந்தது. மறுபக்கம் அதோடு ஒட்டிக்கொண்டு பெயர்ந்து வந்த பழைய சுண்ணாம்பு, நகத்தால் கீறினால் மாவாக உதிர்ந்தது. இரண்டுக்கும் நடுவே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. முன்பு யாரோ ஒழுகலுக்கு வைத்தியம் என்று பழைய சுவர்மேல் சிமெண்டைப் பூசியிருக்கிறார்கள். மலையில் வருஷத்துக்குப் பாதி நாள் சுவர் நனையும். நனைந்த சுவர் மூச்சுவிட வழியில்லாமல் உள்ளேயே அழுகிவிட்டது. பழைய கட்டடங்களைக் காலம் கெடுத்ததைவிட இப்படி அவசரமாகப் பழுது பார்த்தவர்கள் கெடுத்ததே அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

"சுண்ணாம்பு நிக்குமான்னு எங்கிட்டயே கேக்குறாக. இந்தச் சீமையே குடிக்கிற தண்ணி சுண்ணாம்புச் சாந்துல நிக்கிதுன்னு சொல்லுவேன்." அவர் சொன்னது முல்லைப் பெரியாற்றை. பொறியாளர் பென்னிகுயிக் கட்ட, 1895-இல் திறக்கப்பட்ட அந்த அணை சுண்ணாம்பும் செங்கல் தூளான சுர்க்கியும் கலந்த சாந்தில் எழுந்ததுதான். பிற்காலத்தில் கான்கிரீட் முட்டுக் கொடுத்துப் பலப்படுத்தினார்கள். இருந்தாலும் வயிறு இன்னும் அந்தச் சாந்துதான்.

கொடைக்கானலின் கோடை வீடுகளுக்கும் இந்த அடிவாரத்துக்கும் பழைய உறவு உண்டு. மதுரை அமெரிக்க மிஷன்காரர்கள் காய்ச்சலுக்கும் வெயிலுக்கும் பயந்து 1845-இல் அங்கே முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். மோட்டார் சாலை வருவதற்கு வெகு காலம் முன்பு அது. பெரியகுளம் பக்கமிருந்து வெள்ளகவி வழியாக ஏறும் ஒற்றையடிப் பாதைதான் வழி. சாமான் தலையில் போனது, துரைமார் நாற்காலியில் உட்கார்ந்து ஆள் தோளில் போனார்கள். இப்போது சுண்ணாம்பு டிரம்கள் தேவதானப்பட்டி தாண்டிக் காட்ரோட்டில் திரும்பி மினி லாரியில் ஏறுகின்றன. அடுக்கம் சாலை கிட்டம்தான். ஆனால் மழைக்கு மண் சரியும், பாரம் ஏற்றி அதில் போக டிரைவர் ஒத்துக்கொள்வதில்லை.

கோடை வாசத்துக்கு எழுந்த கட்டடம் கலைக்கு இடம் கொடுப்பது புதிதல்ல. மதுரையில் ராணி மங்கம்மாளின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் தமுக்கம் நாயக்கர் காலத்துக் கோடை அரண்மனைதான். வெள்ளைக்காரன் காலத்தில் அதிகாரிகள் குடியிருந்தார்கள். 1959-இல் நேரு அதைக் காந்தி நினைவு அருங்காட்சியகமாகத் திறந்துவைத்தார். ஆள் புழங்கியதால் பிழைத்த கட்டடம் அது. ரோமில் வில்லா மெடிச்சி என்ற மாளிகையில் 1803 முதல் பிரெஞ்சுக் கலைஞர்கள் அரசுச் செலவில் தங்கி வேலை செய்கிறார்கள். 1961-இல் அதற்குத் தலைவராக வந்த ஓவியர் பால்தூஸ் சுவர்களைத் தானே கவனித்துப் புதுப்பித்தார். வண்ணத்தை அடுக்கடுக்காக ஏற்றிச் சுரண்டி, அடியில் இருப்பது மேலே தெரியும்படி செய்தார். சுவருக்கும் ஓவியருக்கும் நடுவே கொத்தனார் இருப்பதை அவர் அறிந்திருப்பார்.

இங்கே அந்த நடு ஆளுக்குக் கணக்கு வேறு மாதிரி. கூலி சதுர அடிக்கு. சுவரில் ஏறியதை அளந்து எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் எழுதினால்தான் பில். தொட்டியில் மாதக்கணக்கில் கிடந்ததற்கு அந்தப் புத்தகத்தில் இடமில்லை. தினமும் தண்ணீர் மட்டம் பார்ப்பவர், கடுக்காய் இடிப்பவர், மணல் சலிப்பவர் எல்லாருக்கும் மேஸ்திரி கைக்காசுதான். மணல் சலித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் அந்தக் காலத்தில் மெட்ராஸ் டெரஸ் தளம் தட்டியவர். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பிய மாடியில் பெண்கள் வரிசையாகக் குத்துக்கால் வைத்து மரக்கட்டையால் நாள் முழுக்கத் தட்டுவார்கள், கட்டை குதிக்கிற பதம் வரும்வரை. "இடுப்பு போச்சு, ஆம்பளையாளு கூலியில பாதிதான் எங்களுக்கு. இப்பத் தட்டச் சொன்னா ஆருக்குத் தெரியும்?" என்றார். பங்களாவின் பின்கட்டு மாடி அந்தத் தளம்தான். தட்டத் தெரிந்தவர் இந்த வட்டாரத்தில் இன்னும் யார் யார் என்று மேஸ்திரியும் அவரும் பேர் சொல்லி எண்ணினார்கள். பாதிப் பேர் காலமாகியிருந்தார்கள்.

மலைமேல் தங்க வருகிற கலைஞருக்குச் சாப்பாடும் அறையும் உதவித்தொகையும் உண்டு. வந்த மாதமே படைப்பை முடித்துக் காட்ட வேண்டும் என்று கட்டாயமில்லை, யோசித்துக்கொண்டிருந்தால் போதும் என்கிறார்கள். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். யோசிப்பதற்குக் காசு கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு ஊறுவதற்குக் காசு கொடுக்கத் தெரியாமல் போனதுதான் வேடிக்கை. மதிப்பீட்டில் 'சுண்ணாம்பு தயாரிப்பு' என்று ஒரு வரி சேர்த்து மாதக் கூலி போட்டால் தீர்ந்தது. கட்டடச் செலவில் அது பெரிய தொகையாக இராது. அந்த வரி இல்லாததால்தான் ஒப்பந்தக்காரர்கள் பாக்கெட் சுண்ணாம்பைப் பிரித்து அன்றைக்கே குழைத்து, மறு வருஷமே பொரிய விடுகிறார்கள்.

பேச்சின் நடுவில் மேஸ்திரிக்குப் போன் வந்தது. எதிர்முனையில் காண்ட்ராக்டர். பொங்கலுக்குள் பூச்சை ஆரம்பிக்க வேண்டுமாம்.

"தையில ராவெல்லாம் உறைபனி விழும்ணே. ஈரப் பூச்சு உறைஞ்சா தோல் உரிஞ்சு கொட்டிரும். மாசி பாதிக்கு மேல ஏத்துவோம்" என்றார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம். இவர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, கடுக்காய் டிரம்மை மூடும்படி பையனுக்குச் சைகை காட்டினார். பிறகு போனைக் கிட்டக் கொண்டுவந்தார்.

"அதெல்லாம் சரிண்ணே. ஊறுற வரைக்கும் டிரம்முக்கும் தோப்புக்கும் வாடகை ஆரு குடுக்குறது? அத மொதல்ல பேசுங்க."