அவன் எப்பவும் இப்படித்தான்!

எல்லா ஆபீஸிலும், எல்லா வகுப்பிலும் இப்படி ஒருவர் இருப்பார். பேச ஆரம்பித்தால் வார்த்தை திக்கும். எதிரே நிற்பவரின் கண்ணைப் பார்க்க மாட்டார். எதற்கெடுத்தாலும் 'ஏதாவது ஆயிடுமோ' என்ற கவலை. அவர் ஒருநாள் மூச்சு வாங்க ஓடி வந்து, "அங்கே என்னவோ இருக்கு... நான் பார்த்தேன்" என்று சொன்னால் என்ன நடக்கும்? போய் என்னவென்று பார்ப்போமா, இல்லை "முதல்ல உட்காருங்க, கொஞ்சம் தண்ணி குடிங்க" என்போமா?

பெரும்பாலும் இரண்டாவதுதான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஒரு பழமொழியே தயாராக இருக்கிறது, ரொம்ப வசதியாக!

சரி, இப்படிப்பட்ட ஒரு ஆளை 24-ஆம் நூற்றாண்டு விண்கப்பலில் ஏற்றிவிட்டால்? அவர்தான் லெப்டினென்ட் ரெஜினால்ட் பார்க்ளே.

'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடர் 1987 முதல் 1994 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடியது. எண்டர்பிரைஸ் என்ற பிரம்மாண்டமான கப்பல். அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். முக்கியமான பாத்திரங்கள் எல்லாருமே கெட்டிக்காரர்கள், தைரியசாலிகள். வெடிகுண்டு வெடித்தாலும் தலைமுடி கலையாத ரகம். அந்தக் கூட்டத்தில் 1990-ல் வந்து சேர்ந்தவர்தான் பார்க்ளே. நடித்தவர் டுவைட் ஷுல்ட்ஸ். 'தி ஏ டீம்' பார்த்தவர்களுக்கு 'ஹவ்லிங் மேட்' மர்டாக் என்றால் உடனே முகம் ஞாபகம் வரும்.

பார்க்ளே இன்ஜினீயர். மூளைக்குப் பஞ்சமில்லை. ஆனால் நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் அவ்வளவுதான், தொண்டை அடைத்துவிடும். கப்பலில் இருந்தவர்கள் அவருக்கு 'ப்ராக்கோலி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ஒரு கட்டத்தில் மரியாதையின் சிகரமான கேப்டன் பிக்கார்டே வாய் தவறி அந்தப் பெயரைச் சொல்லிவிடுவார். எல்லாருக்கும் சிரிப்பு வரும் காட்சி. ஆனால் பட்டப்பெயரோடு பள்ளிக்கூடம் படித்து முடித்தவர்களுக்கு அவ்வளவு சிரிப்பு வராது.

அவரை நம்பாமல் போகும் விஷயம் முழுதாக வருவது 1992 செப்டம்பரில் ஒளிபரப்பான 'ரெல்ம் ஆஃப் ஃபியர்' என்ற எபிசோடில். எழுதியவர் பிரானன் பிராகா. விமானத்தில் போவதென்றால் அவருக்குப் பயம். அந்தப் பயத்தை வைத்துத்தான் இந்தக் கதையை எழுதினார். படித்துத் தெரிந்துகொண்ட பயம் இல்லை, சொந்தப் பயம். பார்த்தாலே தெரியும்.

கதைக்குப் போகும் முன் டிரான்ஸ்போர்ட்டர் பற்றி இரண்டு வரி. ஸ்டார் ட்ரெக்கில் கப்பலிலிருந்து கிரகத்துக்குப் போக இறங்கி நடக்க வேண்டியதில்லை. ஒரு மேடையில் ஏறி நின்றால் போதும். உடம்பை அணு அணுவாகப் பிரித்து, கதிராக அனுப்பி, அந்தப் பக்கம் திரும்பச் சேர்த்துவிடும் கருவி அது. 1960-களில் முதல் தொடர் எடுத்தபோது வாரா வாரம் கப்பல் தரையிறங்குவதைப் படமாக்கக் காசு கட்டுபடியாகாது என்பதால் கண்டுபிடித்த உத்தி இது. கதையில் வருபவர்கள் பஸ் ஏறுவது போல சர்வசாதாரணமாக இதில் ஏறி இறங்குவார்கள்.

ஆனால் நின்று யோசித்துப் பாருங்கள். உங்களை அணு அணுவாகப் பிரிக்கிறார்கள். எத்தனை கோடி கோடி அணுக்கள்! அதில் ஒன்றிரண்டு இடம் மாறிவிட்டால்? பார்க்ளேவுக்கு இருப்பது இந்தப் பயம்தான். இன்ஜினீயர் என்பதால் எந்த பாகம் எப்படிப் பழுதாகும் என்பதும் அவருக்கு மனப்பாடம். விவரம் தெரியாதவன் கண்ணை மூடிக்கொண்டு ஏறிவிடுவான், விவரம் தெரிந்தவனுக்குத்தான் வயிறு கலக்கும். இத்தனை வருஷம் எப்படியோ சின்னக் கப்பல்களில் போய் வந்தே ஒப்பேற்றியிருக்கிறார் மனிதர்.

அன்று ஒப்பேற்ற முடியவில்லை. யோசமிட்டி என்ற ஆராய்ச்சிக் கப்பல் ஆபத்தில் மாட்டியிருக்கிறது. டிரான்ஸ்போர்ட்டர் வழியாக மட்டும்தான் அங்கே போக முடியும். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட, கடைசியாக மேடையில் ஏறிய பார்க்ளே வேர்த்துக் கொட்டி, முடியாது என்று இறங்கி வெளியே போய்விடுகிறார். அப்புறம் ஆலோசகர் ட்ராயிடம் போய், மனதை அமைதிப்படுத்த ஒரு பயிற்சி கற்றுக்கொண்டு, திரும்ப வந்து ஏறுகிறார். இதுவே பெரிய விஷயம். பயமே இல்லாதவன் மேடை ஏறுவதில் என்ன இருக்கிறது?

போன இடத்தில் ஒரு சடலம் கிடைக்கிறது. மற்ற நான்கு பேரைக் காணவில்லை. திரும்பி வரும்போதுதான் அது நடக்கிறது. கதிருக்குள் இருக்கும் அந்த சில நொடிகளில், புழு போன்ற ஒரு உருவம் வாயைத் திறந்துகொண்டு அவரை நோக்கி வருகிறது. கையைத் தொடுகிறது.

வந்து சொல்கிறார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கப்பலில் யாரும் அவரை விரட்டவில்லை, கேலி செய்யவும் இல்லை. அவருடைய மேலதிகாரி ஜோர்டி நல்லவர். அவர் பேச்சை மதித்துக் கருவியைச் சோதிக்கச் சொல்கிறார். சோதித்துப் பார்த்தால் கருவியில் ஒரு கோளாறும் இல்லை. டிரான்ஸ்போர்ட்டரை இயக்கும் ஓ'பிரையனும் நல்லவர்தான். தனக்கு ஒரு காலத்தில் சிலந்தி என்றால் உயிர் போகும் பயம் இருந்ததையும், இப்போது ஒரு சிலந்தியையே செல்லமாக வளர்ப்பதையும் சொல்லித் தேற்றுகிறார்.

எல்லாரும் அன்பாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் அந்த அன்புக்குள்ளே ஒரு தீர்ப்பு எழுதியாகிவிட்டது. கருவி சரியாக இருக்கிறது, அப்படியானால் கோளாறு பார்க்ளேவிடம்தான். திட்டினாலாவது எதிர்த்துப் பேசலாம். தோளைத் தட்டிக் கொடுத்து 'பயப்படாதே' என்று சொல்பவரிடம் என்ன பேசுவது?

இதைவிட மோசமான ஒன்று அடுத்து நடக்கிறது. பார்க்ளேவே பார்க்ளேவை நம்பாமல் போகிறார்! அறைக்குப் போய்க் கம்ப்யூட்டரிடம் 'டிரான்ஸ்போர்ட்டர் மனநோய்' என்று ஒன்று உண்டா, அதன் அறிகுறிகள் என்ன என்று கேட்கிறார். கம்ப்யூட்டரும் ஈவு இரக்கமில்லாமல் பட்டியல் போடுகிறது. இல்லாததைப் பார்ப்பது, தூக்கமின்மை, படபடப்பு, கண் மங்குவது, உடம்பில் நீர் வற்றுவது... ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க ஒவ்வொன்றும் அவருக்கு வருகிறது. நாக்கு வறண்டு தண்ணீர் மேல் தண்ணீராகக் குடிக்கிறார். லேசான தலைவலியை இன்டர்நெட்டில் தேடப்போய் நள்ளிரவு ஒரு மணிக்கு மூளைக்கட்டியில் போய் முடிந்தவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகவே புரியும். :-) அதை 1992-லேயே எழுதியிருக்கிறார்கள்.

வெளியிலிருந்து நம்பாதவர்களிடமிருந்து தப்பிக்கலாம், உள்ளே இருந்து நம்பாதவனிடமிருந்து எப்படித் தப்பிப்பது? கடைசியில் ட்ராய் அவரைப் பணியிலிருந்து ஓய்வெடுக்கச் சொல்லிவிடுகிறார். அதுவும் அவர் நல்லதுக்குத்தான்.

அன்று ராத்திரி பார்க்ளே செய்வதுதான் இந்தக் கதையின் உயிர். யாரிடமும் போய்க் கெஞ்சவில்லை. டிரான்ஸ்போர்ட்டர் அறைக்குப் போய், "முன்னே அனுப்பின மாதிரியே என்னைத் திரும்ப அனுப்பு" என்கிறார். எந்தக் கருவியைப் பார்த்தால் கால் நடுங்குமோ அதே கருவியில், தானாக, இரண்டாவது முறை ஏறுகிறார். அந்த உருவம் மறுபடியும் வருகிறது. அவ்வளவுதான், சந்தேகம் தீர்ந்துவிட்டது. நடு ராத்திரியில் மேலதிகாரிகள் அத்தனை பேரையும் எழுப்பிக் கூட்டச் சொல்கிறார்.

அந்தக் கூட்டத்தில் பேசும்போது, சில நாளாக நான் நானாக இல்லை என்று ஆரம்பித்து, உடனே தன்னைத் தானே திருத்திக்கொள்கிறார். இல்லை, நான் நானாகத்தான் இருந்தேன், எப்பவுமே பதற்றப்படுகிறவன்தான், அது எல்லாருக்கும் தெரியும் என்று. ஆனாலும் பார்த்தது பார்த்ததுதான் என்று நிற்கிறார். 'நான் பயந்தாங்கொள்ளி இல்லை' என்று நிரூபிக்க முயன்றிருந்தால் தோற்றிருப்பார். பயத்தை ஒத்துக்கொண்டு, அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, கண்ணால் கண்டதை மட்டும் மேஜை மேல் வைத்தார். இந்த முறை கேட்டார்கள். தேடினார்கள். கிடைத்தது.

கதிருக்குள் நுண்ணுயிர் போன்ற ஏதோ இருக்கிறது, பார்க்ளே உடம்பிலும் புகுந்துவிட்டது. அதை நீக்க அவரைக் கதிருக்குள்ளேயே வழக்கத்தைவிட அதிக நேரம் நிறுத்தி வைக்கிறார்கள். அப்போது அந்தப் பூதம் மறுபடி வருகிறது. பார்க்ளே இந்த முறை ஒதுங்கவில்லை. கையை நீட்டி அதைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறார். மேடையில் வந்து விழும்போது அவர் கையில் இருப்பது பூதம் இல்லை, ஒரு மனிதன்! யோசமிட்டியில் காணாமல் போன நால்வரில் ஒருவர். அந்தக் கப்பலில் இருந்தவர்கள் கதிருக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வர வழியில்லாமல் தவித்திருக்கிறார்கள். மற்றவர்கள் உள்ளே போய் மீதி மூவரையும் பிடித்து இழுத்து வருகிறார்கள்.

இதில் ஒரு அழகு இருக்கிறது. பார்க்ளேவின் பயம் தப்பு. கருவி தன்னைச் சிதறடித்துவிடும் என்று பயந்தார், அது கடைசி வரை ஒழுங்காகத்தான் வேலை செய்தது. ஆனால் பார்க்ளேவின் கண் சரி. ஒரே ஆளிடம் தப்பான பயமும் சரியான பார்வையும் சேர்ந்தே இருக்கலாம். நாம்தான் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கி எறிந்துவிடுகிறோம்.

'புலி வருது' கதையோடு இதைச் சேர்க்கவும் கூடாது. அந்தப் பையன் பொய் சொன்னான், அதற்கான பலன் கிடைத்தது. பார்க்ளே ஒரு பொய்யும் சொல்லவில்லை. குரல் நடுங்கியது மட்டும்தான் அவர் செய்த குற்றம்.

'அதெல்லாம் கதைதானே, நிஜத்தில் விண்வெளிக்குப் போகிறவர்கள் எல்லாம் நிதானமானவர்கள், அவர்கள் சொன்னால் உடனே கேட்பார்கள்' என்று தோன்றலாம். லூகா பார்மிடானோவின் கதையைக் கேளுங்கள். இத்தாலிய விமானப்படையில் சோதனை விமானி. பார்க்ளேவுக்கு நேர் எதிர். 2013 ஜூலை 9 அன்று சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு வெளியே நடந்து முடித்துத் திரும்பியபோது அவருடைய ஹெல்மெட்டுக்குள் தண்ணீர் இருந்தது. குடிநீர்ப் பை கசிந்திருக்கும் என்று முடிவு செய்தார்கள். ஒரு வாரம் கழித்து, ஜூலை 16 அன்று, அதே உடையோடு மறுபடி வெளியே போனார். முக்கால் மணி நேரத்துக்குள் பின்னந்தலையில் ஈரம். சொன்னார். மறுபடியும் குடிநீர்ப் பை மேல்தான் சந்தேகம். பையிலிருந்து வருவதாகத் தெரியவில்லை என்றார். உள்ளே திரும்பச் சொல்லி உத்தரவு வர இருபது நிமிஷத்துக்கு மேல் ஆனது. அதற்குள் தண்ணீர் பெருகிவிட்டது. எடையில்லாத இடத்தில் தண்ணீர் கீழே வடியாது, முகத்தில் அப்பிக்கொள்ளும். காதை மூடி, கண்ணை மூடி, மூக்கை மூடியது. தன்னைக் கட்டியிருந்த கயிற்றைத் தடவிப் பிடித்து, கிட்டத்தட்டக் குருடராக உள்ளே வந்து சேர்ந்தார். ஹெல்மெட்டில் இருந்தது சுமார் ஒன்றரை லிட்டர். விண்வெளியில் ஒரு மனிதர் மூழ்கிச் சாகத் தெரிந்தார்!

காரணம் பை இல்லை. உடையைக் குளிர்விக்கும் அமைப்பில் தண்ணீரையும் காற்றையும் பிரிக்கும் பகுதியில் அடைப்பு. ஹெல்மெட்டில் கொஞ்சம் தண்ணீர் வருவது சகஜம்தான் என்று பழகிப் போனதும், முதல் முறை பையைக் காரணம் சொன்னபோது யாரும் மேலே தோண்டாததும் விபத்துக்கு வழி வகுத்தன என்று 2014-ல் வெளியான நாசாவின் விசாரணை அறிக்கை சொன்னது. அப்புறம் ஹெல்மெட்டுக்குள் நீரை உறிஞ்சும் பஞ்சும், மூச்சு விட ஒரு குழாயும் வைத்தார்கள். பார்மிடானோ 2019-ல் மறுபடி விண்வெளி போய், அந்த நிலையத்துக்கே கமாண்டர் ஆனார்.

நடுங்குகிற பார்க்ளேவுக்கும் நடுங்காத பார்மிடானோவுக்கும் நடந்தது ஒன்றுதான். சொல்பவர் வாயைத் திறக்கும் முன்பே கேட்பவரிடம் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. அங்கே 'அவன் எப்பவும் இப்படித்தான்'. இங்கே 'அது எப்பவும் அந்தப் பைதான்'. கையில் ஒரு விளக்கம் இருந்தால் யாருக்குத்தான் எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றும்?

ஆக, பதற்றப்படுகிறவர்கள் எல்லாரும் தைரியசாலிகளாக மாறினால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 1999-ல் 'வாயேஜர்' தொடரிலும் பார்க்ளே வருகிறார். அப்போதும் திக்குகிறார். எங்கோ தொலைந்துபோன ஒரு கப்பலோடு பேச முடியும் என்று அடம் பிடிக்கிறார். அப்போதும் மேலதிகாரி நம்பவில்லை. அப்போதும் கடைசியில் அவர் சொன்னதுதான் சரி. கப்பலுக்குப் பேச்சு போய்ச் சேர்ந்தது. அவர் மாறவே இல்லை, பாவம்!

அடுத்த முறை யாராவது குரல் நடுங்க வந்து 'அங்கே என்னவோ இருக்கு' என்றால், தண்ணீர் கொடுங்கள், தப்பில்லை. கொடுத்துவிட்டு ஒரு நடை போய் என்னவென்று பார்த்துவிட்டும் வாருங்கள். பத்தில் ஒன்பது தடவை ஒன்றும் இருக்காது. பத்தாவது தடவை அந்த இருட்டில் நான்கு பேர் காத்துக்கொண்டிருக்கலாம்.