பாக் என்பது ஊரன்று

இராமநாதபுரம் கரைக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கும் நடுவே கிடக்கும் ஆழம் குறைந்த கடலை ஆங்கிலம் ‘பாக் பே’ என்கிறது. தமிழ்ப் பாடநூல் ‘பாக் விரிகுடா’ என்கிறது. மொழிபெயர்ப்பில் பிழையில்லை. ஆயினும் ஆங்கிலப் பெயரிலுள்ள ஒரு செய்தி தமிழுக்கு வரும் வழியில் உதிர்ந்துவிட்டது. பாக் என்பது ஊரன்று; ஆள். மதகுருவாக இந்தியாவுக்கு வந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகத்தில் உயர்ந்து, 1763 முதல் 1767 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ராபர்ட் பாக்.

ஆங்கிலம் இதனைத் தன் இலக்கணத்திலேயே காட்டிவிடுகிறது. நாட்டின் பெயரோ ஊரின் பெயரோ நீர்ப்பரப்புக்கு வரும்போது ‘ஆஃப்’ என்னும் இடைச்சொல் பல இடங்களில் நடுவே நிற்கும்: பே ஆஃப் பெங்கால், கல்ஃப் ஆஃப் மன்னார். ஆளின் பெயராயின் அது பெரும்பாலும் நேராக முன்னே ஒட்டிக்கொள்ளும்: ஹட்சன் பே, பாஃபின் பே, பாக் பே. விதிவிலக்குகள் உண்டு எனினும் போக்கு இதுதான். பழைய ஆவணங்களில் ‘பாக்ஸ் பே’ என்று உடைமைப் பொருளில் வரும் வேற்றுமை உருபும் வெளிப்படையாகவே நின்றது. பிற்காலத்தில் அவ்வுருபு உதிர்ந்து, உடைமை மறைந்து, பெயர் மட்டும் எஞ்சியது. தமிழிலோ வங்காள விரிகுடா, மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா ஆகிய மூன்றும் ஒரே வடிவிலான தொகைச்சொற்கள். வங்காளமும் மன்னாரும் இடங்களாதலால் பாக்கும் ஓர் இடமாகத்தான் இருக்கும் என்று மாணவன் எண்ணினால் அவனைக் குறைகூற இயலாது.

ஒலியிலும் ஒரு சுவையுண்டு. ஆங்கில எழுத்தில் அப்பெயருக்கு லகரம் உண்டு. தமிழ் வடிவில் இல்லை. ‘சாக்பீஸ்’ என்னும் சொல்லில் லகரத்தைக் கைவிட்ட அதே காது இங்கும் வேலை செய்திருக்கிறது. இலங்கைத் தமிழர் ஈற்றில் உகரம் சேர்த்துப் ‘பாக்கு நீரிணை’ என்று எழுதுகின்றனர். ஆளுநர் அங்கே வெற்றிலையோடு சேர்ந்துவிடுகிறார். தமிழகச் செய்தித்தாள்களிலோ ‘பாக்.’ என்றால் பாகிஸ்தான். பொருள் தெரியாத பெயருக்குக் காது ஏதேனும் ஒரு பொருளைத் தேடிக்கொடுக்கிறது.

எலெக்ட்ரானிக் சிட்டியில் மொழித் தொழில்நுட்பம் ஆராயும் மாணவி ஒருவருக்கு இந்தப் பெயர் வெறும் தகவலன்று. அவர் பிறந்தது இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில். வீட்டில் எவரும் பாக் விரிகுடாவுக்கு மீன்பிடிக்கப் போனதில்லை, போனதெல்லாம் வடகடலுக்கு. தீவின் மறுபுறத்து மன்னார் வளைகுடா அவர்களுக்குத் தென்கடல். சோழகக் காற்றில் தென்கடல் கொந்தளிக்கும்போது வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடைக் காலத்தில் நிலைமை தலைகீழாகும். காற்று மாறும்போது கரையும் மாறித் தொழில் செய்வது தீவின் பழைய வழக்கம். திசையும் பருவமும் பிழைப்பும் அந்த இரு சொற்களுக்குள் அடங்கியிருக்கின்றன. அவர் தொகுக்கும் ஆங்கிலம்–தமிழ் இடப்பெயர்ப் பட்டியலில் ‘பாக் பே’க்கு எதிரே ஒரேயொரு கட்டம்தான் உண்டு.

அவர் நாள்தோறும் நடக்கும் நிலத்துக்கும் இதே கதைதான். 1970களின் பிற்பகுதியில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் தொழிற்பேட்டை அமைத்தபோது, கோணப்பன அக்ரஹாரா, தொட்டதோகூரு ஆகிய ஊர்களின் நிலம் எலெக்ட்ரானிக் சிட்டி ஆயிற்று. 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் திறக்கப்பட்டபோது கோணப்பன அக்ரஹாராவின் பெயர் நிலையப் பலகையில் ஏறியது. அதற்கு முன்னால் ஓர் அறக்கட்டளையின் பெயரும் ஏறியது. ஆளுநர் பெயரால் கடலை அழைத்த வழக்கம் பழைய காலத்தோடு முடிந்துவிடவில்லை.

சேதுக் கரையின் பழைய முறை இதற்கு நேர்மாறானது. இராமநாதபுரத்து மன்னர்கள் சேதுபதி எனப்பட்டனர். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் தங்கள் காசுகளில் ‘சேது’ என்று பொறித்தனர். அங்கே அரசன் இடத்தின் பெயரைச் சுமந்தான். பாக் விரிகுடாவில் இடம் ஆள்பவரின் பெயரைச் சுமக்கிறது.

இவ்வளவோடு நின்றால் இது சொல்லாராய்ச்சி மட்டுமே. ஆனால் ‘பே’ என்பது சட்டச் சொல்லும்கூட. 1982ஆம் ஆண்டு ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கை அதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. கரையின் உள்வளைவு, தன் வாயை விட்டமாகக் கொண்ட அரைவட்டத்தினும் குறையாத பரப்புடையதாக இருத்தல் வேண்டும். சூழ்ந்த கரை ஒரே நாட்டினுடையதாக இருத்தல் வேண்டும். வரலாற்று விரிகுடாக்களுக்கு மட்டும் விலக்கு. 1904இல் சங்குத் திருட்டு தொடர்பான அன்னக்குமாரு பிள்ளை வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் பாக் விரிகுடாவைத் திறந்த கடலாகக் கருதாமல் பிரிட்டிஷ் ஆட்சிப்பரப்பின் பகுதியாகவே கொண்டது. அன்று இரு கரையும் ஒரே முடியின்கீழ் இருந்தன. 1974இல் இரு நாடுகள் அதே பரப்பை ‘வரலாற்று நீர்ப்பரப்பு’ என்று ஒப்பந்தத்தின் தலைப்பிலேயே குறித்து, பாக் நீரிணையிலிருந்து ஆதாம் பாலம் வரை எல்லைக்கோடு வகுத்தன. கச்சத்தீவு கோட்டிற்கு அப்பால் போயிற்று. தங்கச்சிமடத்துப் படகு பிடிபடும்போது கேட்கப்படுவது அது கோட்டின் எப்பக்கம் நின்றது என்பதே. வடகடல் என்னும் சொல்லுக்குள் அந்தக் கோடு இல்லை.

ஆகவே ஆங்கிலப் பெயரைத் தூக்கியெறிந்து வடகடல் என்று எழுதிவிட்டால் தீருமா? மாணவிக்கே அதில் ஐயம் உண்டு. நெடுந்தீவிலிருந்து பார்ப்பவருக்கு அக்கடல் வடக்கில் இல்லை. வடகடல் ஒரு கரையின் உண்மை. பாக் எவருடைய கரையையும் சொல்லாத பெயர். அதனாலேயே இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே தாளில் சண்டையின்றி எழுதக்கூடிய பெயர். அந்நியப் பெயருக்கு அப்படியொரு பயன் வாய்த்திருக்கிறது. அதனை மறுப்பது நேர்மையாகாது.

வேண்டுவது இரண்டு. முதலாவது, விரிகுடாவையும் நீரிணையையும் பிரித்து எழுதுவது. வடக்கே வங்கக் கடலோடு இணைக்கும் இடுக்குதான் நீரிணை; மீனவர் கைதுச் செய்திகளில் முழுப் பரப்பும் நீரிணை என்றே வருவதுண்டு. இரண்டாவது, வழக்குப் பெயரை அது வழங்கும் கரையோடு சேர்த்துப் பதிவது. மாணவி தம் பட்டியலில் கூடுதலாக ஒரு நிரலைத் திறந்து, ‘வடகடல்: இராமேசுவரம் தீவு மீனவர் வழக்கு’ என்று சேர்த்தார். யாழ்ப்பாணக் கரைக்கும் மன்னார்க் கரைக்கும் உரிய கட்டங்கள் இன்னும் காலியாக இருக்கின்றன. அவற்றை நிரப்ப வேண்டியவர்கள் அக்கரைகளில் படகு இறக்குபவர்கள். அவர்களிடம் போய்க் கேட்பது கடல்சார் ஆய்வாளர்களின் கடமை.